பழிக்குப் பழியாக மட்டையாளரின் உடம்பைக் குறிவைத்துப் பந்தெறிவது, நாடுகள் மோதும் பேஸ்பாலில் நியாயமா?

நியாயமே இல்லை என்பதுதான் என் பதில். பெரிய முன்னிலையில் இருக்கும் அணி மேலும் ரன் சேர்த்து எதிரணியை அவமதித்தால், அடுத்த மட்டையாளர் மீது பந்தெறிந்து கணக்கைத் தீர்ப்பது அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் எழுதப்படாத வழக்கமாக நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. அந்த வழக்கத்தை நாடுகளின் போட்டிக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை, 2013 மார்ச் 9 அன்று ஃபீனிக்ஸ் நகரில் உலக பேஸ்பால் கிளாசிக் தொடரில் நடந்த கனடா–மெக்சிகோ ஆட்டம் காட்டியது.

ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது கனடா 9–3 என முன்னிலையில் இருந்தது. கனடாவின் கிறிஸ் ராபின்சன் மட்டையை வீசாமல், பந்தை மூன்றாம் பேஸ் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய முனைகளில் ஒன்று) பக்கமாக மெல்லத் தட்டிவிட்டு ஓடி, முதல் பேஸை அடைந்துவிட்டார். மூன்றாம் பேஸில் தடுப்பாளராக நின்ற மெக்சிகோவின் லூயிஸ் குரூஸ், அடுத்து வருபவரை அடிக்கும்படி தன் அணியின் பிட்சர் (பந்தெறிபவர்) அர்னால்ட் லியோனுக்குச் சைகை காட்டியது போலத் தொலைக்காட்சியில் தெரிந்தது. அடுத்து வந்த ரெனே டொசோனிக்கு லியோன் எறிந்த முதல் இரண்டு பந்துகளும் உடம்பை ஒட்டி வந்தன. நடுவர் இரு அணிகளையும் எச்சரித்தார். அதற்குப் பிறகும் மூன்றாவது பந்து டொசோனியின் முதுகில் பட்டது. இரு அணியினரும் மைதானத்துக்குள் பாய்ந்து கைகலப்பில் இறங்கினார்கள். பார்வையாளர் பகுதியிலிருந்து வீசப்பட்ட தண்ணீர் பாட்டில், கனடாவின் பிட்சிங் பயிற்சியாளர் டெனி பூஷேயின் முகத்தைத் தாக்கியது. ஏழு பேர் வெளியேற்றப்பட்ட அந்த ஆட்டத்தில் கனடா 10–3 என வென்றது.

ராபின்சன் செய்ததில் அவமதிப்பு எங்கே இருக்கிறது? முதல் சுற்றில் அணிகள் சமநிலைக்கு வந்தால் ரன் வித்தியாசமும் கணக்கில் கொள்ளப்படும் என்பது அந்தத் தொடரின் விதி. கிரிக்கெட்டில் நிகர ரன் விகிதத்துக்காக, வெற்றி உறுதியான பிறகும் அணிகள் அடித்தாடுவதை நாம் குறை சொல்வதில்லை. இதுவும் அதே கணக்குதான். முந்தைய நாள் இத்தாலியிடம் 4–14 எனத் தோற்று, 10 ரன் வித்தியாச விதியால் ஆட்டமே முன்கூட்டி முடிக்கப்பட்டிருந்த கனடாவுக்கு ஒவ்வொரு ரன்னும் தேவையாக இருந்தது. மெக்சிகோ வீரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் கிளப் ஆட்டங்களில் பழகிய மரியாதைக் கணக்கை, அது செல்லாத இடத்தில் அவர்கள் போட்டுப் பார்த்தார்கள். ஆனால் தவறாகப் புரிந்துகொள்வது வேறு, அதற்காக ஒருவருடைய முதுகைக் குறிவைப்பது வேறு. 1920இல் கார்ல் மேஸ் எறிந்த பந்து தலையில் பட்டு ரே சாப்மேன் உயிரிழந்த விளையாட்டு இது. ஃபீனிக்ஸில் அடி வாங்கிய டொசோனியோ, எந்தத் தப்பும் செய்யாதவர்.

உடம்பில் பந்து படுவதையே பகையாக எடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. 2023இல் டோக்கியோவில் இதே தொடரின் ஆட்டமொன்றில் ஜப்பான் பிட்சர் ரோகி சசாகி எறிந்த 162 கிலோமீட்டர் வேகப் பந்து, செக் வீரர் வில்லியம் எஸ்காலாவின் முழங்காலில் பட்டது. வலியில் விழுந்தவர் எழுந்து, ஓட முடிகிறது என்று ஓடியே காட்டினார், அரங்கம் கைதட்டியது. பிறகு சசாகி இனிப்புப் பைகளோடு செக் அணி தங்கியிருந்த விடுதிக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அது கைதவறிய பந்து, ஃபீனிக்ஸில் எறிந்தது குறிவைத்த பந்து என்ற வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. அடிபட்ட அணி நடந்துகொள்ள வேறு வழியும் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, 2013 கைகலப்புக்குப் பிறகு எடுக்கப்பட்ட முடிவு. இரு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகாமல் போகலாம் என்பதால் தண்டனைக்குப் பயன் இருக்காது என்று கூறி, அமைப்பாளர்கள் மேற்கொண்டு யாரையும் தண்டிக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் தொடரில் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால், வெளியேறும் நிலையிலுள்ள எந்த அணியின் பிட்சரும் அச்சமின்றி உடம்பைக் குறிவைக்கலாம். நடுவர் எச்சரித்த பிறகும் வேண்டுமென்றே அடிப்பவருக்கு, அவருடைய கிளப் பருவத்திலும் தொடரும் தடையை விதித்திருக்க வேண்டும்.