வாங்கும் முன் கேளுங்கள்: ராணுவத் தளத்தை ஒட்டிய பழைய குடியிருப்புகள்

அமெரிக்காவில் ராணுவ, விமானப்படை, கடற்படைத் தளங்களைச் சுற்றி வளர்ந்த பழைய குடியிருப்புகளில் வீடு வாங்கப்போகிறவர்களும் வாங்கிவிட்டுத் தவிக்கிறவர்களும் எழுதியவை இந்த முறை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஓசியானா கடற்படை விமான தளத்துக்குப் பக்கத்தில், 1980-களில் கட்டிய வீடு பிடித்திருக்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம், அமைதியாக இருந்தது. ஆவணத்தில் "சத்தப் பகுதி 70–75" என்று இருக்கிறது. ஏஜென்ட் "பழகிவிடும்" என்கிறார். வாங்கலாமா? (வர்ஜீனியா பீச்)

பதில்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்றால் அந்த வீட்டை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. பயிற்சி விமானங்கள் பெரும்பாலும் வாரநாட்களில்தான் பறக்கும். ஓபன் ஹவுஸ் எல்லாம் சனி, ஞாயிறில் நடக்கும். இது ஏஜென்ட்டுகளுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காமல் வீட்டைச் சுற்றிக்காட்டி, கேட்டால் "இது சுதந்திரத்தின் சத்தம்" என்று முடித்துவிடுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

70–75 என்பது ஒரு விமானம் போகும்போது காதில் விழும் சத்தத்தின் அளவு அல்ல. அது டிஎன்எல் எனப்படும் பகல்-இரவு சராசரி. பறக்கும் நேரம், பறக்காத நேரம் இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்து, இரவு 10 முதல் காலை 7 வரை பறப்பவற்றுக்கு மட்டும் 10 டெசிபல் கூட்டிப்போடுகிறார்கள். ஆக, பல மணி நேர மௌனமும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட் தலைக்கு மேல் தாழப் பறக்கும் கணத்தில் 100 டெசிபலைத் தாண்டலாம். முற்றத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மத்திய வீட்டுவசதித் துறையான ஹட், 65 டிஎன்எல் வரைதான் வீடுகளுக்கு ஏற்றது என்கிறது. 65-க்கு மேல் 75 வரை "பொதுவாக ஏற்கத்தகாதது", அதற்கும் மேலே "ஏற்கத்தகாதது".

சத்தத்தோடு முடிந்துவிடவில்லை. இந்தச் சத்தப் பகுதிகளைக் காட்டும், ஏஐசியூஇசட் எனப்படும் ராணுவ விமானத் தள வரைபடத்தில் விபத்து அபாயப் பகுதிகளும் இருக்கும். ஓடுபாதை முனையிலிருந்து முதல் 3,000 அடி "கிளியர் ஸோன்", அடுத்த 5,000 அடி ஏபிஇசட்-1, அதற்கடுத்த 7,000 அடி ஏபிஇசட்-2. பறக்கும் தடம் வளைந்தால் இவையும் வளையும். அதனால் "ஓடுபாதைக்கு நேரே இல்லையே" என்ற சமாதானம் செல்லாது. 2012 ஏப்ரலில் ஓசியானாவிலிருந்து கிளம்பிய எஃப்/ஏ-18டி ஒன்று வர்ஜீனியா பீச்சில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் விழுந்தது. யாரும் சாகவில்லை என்றாலும் பல குடும்பங்கள் வீடிழந்தன.

செய்ய வேண்டியது இது. வர்ஜீனியாவில் இப்படிப்பட்ட தளம் உள்ள ஊர்களில், வீடு எந்தச் சத்தப் பகுதியில், எந்த விபத்துப் பகுதியில் இருக்கிறது என்று விற்பவர் எழுத்தில் தர வேண்டும். அதை வாங்கிக்கொண்டு, நகராட்சியின் இணைய வரைபடத்தில் முகவரியைப் போட்டு நீங்களே ஒரு முறை சரிபாருங்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் முற்பகலில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை போங்கள். விமானந்தாங்கிக் கப்பல் கடலுக்குப் போகும் முன் விமானிகள் இரவில் இறங்கிப் பழகுவார்கள். செசபீக்கில் உள்ள ஃபென்ட்ரஸ் இறங்குதளத்தை ஒட்டிய வீடு என்றால் அந்த இரவுப் பயிற்சிதான் முக்கியம். படுக்கையறையில் ஜன்னலை மூடி அரை மணி நேரம் உட்காருங்கள். ஜன்னலின் எஸ்டிசி எண்ணை, அதாவது சத்தத்தைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண்ணை, கேளுங்கள். சாதாரண இரட்டைக் கண்ணாடி 30-க்குக் கீழேயே நிற்கும், லாமினேட் கண்ணாடி போட்டது 35-ஐ ஒட்டி வரும். வாங்கும் விலையோடு ஜன்னல் மாற்றும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். ஏபிஇசட்-1 என்றால், தீயிலோ புயலிலோ வீடு போனால் திரும்பக் கட்டவும், அறை சேர்க்கவும் அனுமதி உண்டா என்று நகரத் திட்டப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். 2005-ல் தள மூடல் ஆணையம் எச்சரித்த பிறகு அங்கே கட்டட விதிகளை இறுக்கியிருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வீடு பிடித்தால் வாங்குங்கள். அடுத்து வாங்கப்போகிறவரும் இதே தாளைப் படிப்பார், விலை பேசும்போது அதை மறக்காதீர்கள்.

கேள்வி: வாங்கிய பிறகு விமானச் சத்தம் அதிகமானால் ராணுவத்தின் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் ஜெயிப்பது கடினம். 1946-ல் காஸ்பி வழக்கில் வட கரோலினாவின் ஒரு கோழிப் பண்ணைக்காரருக்கு உச்ச நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அங்கே விமானங்கள் மரத்தை உரசும் உயரத்தில் வந்துகொண்டிருந்தன, பண்ணையே நின்றுபோனது. உங்கள் டைட்டில் (சொத்துரிமை) அறிக்கையில் "அவிகேஷன் ஈஸ்மென்ட்" என்று ஒரு வரி இருந்தால், மேலே பறக்கவும் சத்தம் போடவும் முந்தைய உரிமையாளரே உரிமை எழுதிக்கொடுத்துவிட்டார் என்று பொருள். அது நிலத்தோடு வரும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் சொத்து வரி கிட்டத்தட்ட பூஜ்யம் என்று போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் மாதத் தவணையைக் கணக்குப் போட்டோம். இப்போது எஸ்க்ரோவில் (தவணையோடு வரிக்காகச் சேர்த்துக் கட்டும் கணக்கில்) பற்றாக்குறை என்று மாதம் 700 டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள். இது மோசடியா? (சான் அன்டோனியோ)

பதில்: மோசடி இல்லை. ஆனால் உங்களுக்கு யாருமே சொல்லாதது தப்பு. கடன் கொடுத்தவர் கண்ணிலும், சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி கண்ணிலும் பட்டிருக்க வேண்டிய விஷயம் இது.

தளங்களைச் சுற்றி வீடு விற்பவர்களில் முன்னாள் ராணுவத்தினர் நிறைய. சேவையால் வந்த ஊனம் 100 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டவருக்கு டெக்சஸில் வசிக்கும் வீட்டின் சொத்து வரி முழுவதும் விலக்கு. வர்ஜீனியாவிலும் ஃபுளோரிடாவிலும் இது போன்ற விலக்கு உண்டு. அது ஆளுக்குக் கொடுத்த விலக்கு, வீட்டுக்குக் கொடுத்தது அல்ல. உங்கள் பெயருக்கு மாறியதும் போய்விடும். விலக்கே இல்லாத வீட்டிலும் டெக்சஸில் இன்னொன்று உண்டு: சொந்தக் குடியிருப்புக்கு மதிப்பீடு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்பு. பல வருடம் இருந்தவரின் மதிப்பீடு சந்தை விலையை விட மிகக் கீழே இருக்கும். விற்றதும் அந்த வரம்பும் கழன்றுவிடும்.

இனி வாங்குகிறவர்களுக்கு: கவுன்டி அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் (சொத்து மதிப்பீட்டு அலுவலகம்) இணையதளத்தில் முகவரியைத் தேடுங்கள். விலக்குகள் என்ற கட்டத்தில் "DV" என்று தொடங்கும் குறியீடு இருந்தால் விற்பவர் கட்டும் வரியை மறந்துவிடுங்கள். சந்தை மதிப்பை எடுத்து, பள்ளி, நகரம், கவுன்டி என்று எல்லா வரி விகிதங்களையும் கூட்டிப் பெருக்குங்கள். ஹோம்ஸ்டெட் எனப்படும் சொந்தக் குடியிருப்பு விலக்கைக் கழிக்கும் முன், வரும் எண்தான் உங்கள் வரி. சான் அன்டோனியோ வாசகரே, ஹோம்ஸ்டெட் விண்ணப்பம் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே போடுங்கள். அது இலவசம், பணம் கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள். எஸ்க்ரோ பற்றாக்குறையை 12 மாதத்துக்குப் பிரித்துக் கட்டுகிறேன் என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: போட்டி அதிகம் என்பதால் இன்ஸ்பெக்‌ஷன் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து வாங்கினோம். 1989-ல் கட்டிய வீடு. சுவருக்குள் சாம்பல் நிறக் குழாய் ஒழுகுகிறது. விற்பவரிடம் பணம் கேட்கலாமா?

பதில்: விற்பவருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தே மறைத்தார் என்று உங்களால் நிரூபிக்க முடிந்தால் கேட்கலாம். முடியாவிட்டால் இல்லை. பார்க்கும் உரிமையை வேண்டாம் என்று நீங்களே எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள்.

குழாயில் "பிபி2110" என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பாலிபியூட்டிலீன். 1978 முதல் 1995 வரை கட்டிய வீடுகளில் பரவலாகப் போட்டது. தண்ணீரில் உள்ள குளோரின் உள்ளிருந்து அரிக்கும், வெளியே நன்றாகத் தெரியும்போதே வெடிக்கும். ஒட்டுப்போட்டால் அடுத்த இணைப்பில் ஒழுகும். வீடு முழுவதும் பெக்ஸ் (ஒரு வகை பிளாஸ்டிக்) குழாய்க்கோ செம்புக்குழாய்க்கோ மாற்றுவது ஒன்றே வழி. மூன்று பிளம்பர்களிடம் விலை கேளுங்கள், சுவரைத் திரும்பப் பூசும் செலவும் அதில் அடக்கமா என்று கேளுங்கள். இந்தக் குழாய் உள்ள வீட்டுக்குச் சில இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் பாலிசி தருவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

மற்றவர்களுக்கு: போட்டி என்றால், "பழுது பார்த்துத் தரக் கேட்க மாட்டோம், பிடிக்காவிட்டால் விலகும் உரிமை மட்டும் வேண்டும்" என்று எழுதுங்கள். ஐந்து நாள் போதும். சில நூறு டாலரை மிச்சம் பிடிக்க இன்ஸ்பெக்‌ஷனைக் கைவிட்டுவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: விற்பவரின் விஏ (முன்னாள் ராணுவத்தினர் நலத் துறை உத்தரவாதம் தரும்) கடன் 2.75 சதவீதத்தில் இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். எங்களுக்கு வங்கி 6.5 சொல்கிறது. விலை 3.6 லட்சம், கடன் பாக்கி 2.7 லட்சம் டாலர். நாங்கள் ராணுவத்தினர் இல்லை. (ஃபேயட்வில், வட கரோலினா)

பதில்: ராணுவத்தில் இல்லாதவரும் விஏ கடனை ஏற்கலாம். முதல் வருட வட்டியில் மட்டும் சுமார் 10,000 டாலர் மிச்சம். ஆனால் விலைக்கும் பாக்கிக்கும் இடையிலுள்ள 90,000 டாலரை நீங்கள் ரொக்கமாகவோ அதிக வட்டியில் இரண்டாம் கடனாகவோ கொண்டுவர வேண்டும். விஏ கட்டணம் பாக்கியில் 0.5 சதவீதம், அதாவது 1,350 டாலர். கடனை நிர்வகிக்கும் நிறுவனம் உங்கள் வருமானத்தையும் கிரெடிட்டையும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் இழுக்கலாம், ஒப்பந்தத்தில் க்ளோசிங் (வீடு கைமாறும்) தேதியைத் தள்ளி வையுங்கள். "வங்கிக்குச் சொல்லாமல் தவணை மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது ஆலோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

விற்கும் ராணுவத்தினர் கவனிக்க: பொறுப்பிலிருந்து விடுவித்த கடிதத்தை எழுத்தில் வாங்காமல் விற்காதீர்கள். வாங்குபவர் தன் சொந்த விஏ தகுதியை மாற்றிக்கொடுத்தால் ஒழிய, அந்தக் கடன் தீரும்வரை உங்கள் தகுதியில் அந்தப் பங்கு முடங்கிக் கிடக்கும்.

கேள்வி: க்ளோசிங்குக்கு இரண்டு நாள் முன், டைட்டில் கம்பெனி பெயரில் மின்னஞ்சல் வந்தது. கணக்கு எண் மாறிவிட்டது என்றார்கள். 62,000 டாலர் அனுப்பிவிட்டோம். பொய் என்று இன்று காலைதான் தெரிந்தது. எங்கள் முட்டாள்தனம்.

பதில்: முட்டாள்தனம் இல்லை. இந்தத் திருடர்கள் ஏஜென்ட்டின் மின்னஞ்சலுக்குள் புகுந்து வாரக்கணக்கில் படிக்கிறார்கள். உங்கள் க்ளோசிங் தேதி, தொகை, அதிகாரியின் கையொப்பம் எல்லாம் தெரிந்த பிறகுதான் எழுதுகிறார்கள். உங்களுக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக அதையே இங்கே தருகிறேன்.

முதலில் உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவை போனில் அழைத்து "வயர் ரீகால்" (அனுப்பிய பணத்தைத் திரும்ப அழைப்பது) கேளுங்கள். பணம் போன வங்கியின் மோசடிப் பிரிவையும் அழையுங்கள். அடுத்து எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐசி3-ல் புகார் பதியுங்கள், உள்ளூர் எஃப்பிஐ அலுவலகத்துக்கும் போன் செய்யுங்கள். முதல் 72 மணி நேரத்துக்குள் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். பிறகு டைட்டில் கம்பெனியிடம் சொல்லி, க்ளோசிங் தேதியைத் தள்ள விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். யாருடைய மின்னஞ்சல் உடைபட்டது என்று வக்கீல் மூலம் கேளுங்கள். அவர்களின் தொழில் இன்ஷூரன்ஸில் இழப்பீடு கோரலாம்.

இன்னும் பணம் அனுப்பாதவர்கள், முதல் சந்திப்பில் நேரில் வாங்கி வைத்த எண்ணுக்குப் போன் செய்து கணக்கு எண்ணைப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள்.

கேள்வி: விற்பவர் ஒரு வருட ஹோம் வாரண்டி இலவசமாகத் தருகிறாராம். 17 வயது ஏசிக்கு அது போதுமா?

பதில்: போதாது. விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். நான் வைத்திருந்த வாரண்டி, கம்ப்ரஸர் போனதும் "பராமரிப்புக் குறை" என்று கைவிரித்தது.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறோம். டாம்பாவில் மக்டில் விமானப்படைத் தளம் அருகே வாங்க வெளிநாட்டினருக்குத் தடை என்கிறார்களே?

பதில்: 2023 ஜூலை முதல் ஃபுளோரிடாவில் உள்ள சட்டம், ராணுவத் தளத்திலிருந்து 10 மைலுக்குள் குறிப்பிட்ட ஏழு நாடுகளைச் சேர்ந்தோர் வாங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா, கியூபா, வெனிசுவேலா, சிரியா. இந்தியா அதில் இல்லை. ஆனாலும் வாங்குகிற எல்லோரும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், படித்துப் போடுங்கள். உங்களுக்குப் பெரிய விஷயம் வேறு: 2025 மே 25 முதல், நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) இல்லாத வெளிநாட்டினருக்கு எஃப்எச்ஏ எனப்படும் அரசுக் காப்பீடு பெற்ற கடன் கிடையாது. அரசுக் காப்பீடு இல்லாத கன்வென்ஷனல் கடனுக்குத் திட்டமிடுங்கள்.

கேள்வி: வில்லோ குரோவ் கடற்படை விமான தளம் அருகே தனிக் கிணறு உள்ள வீடு. தளம் மூடிவிட்டது, தண்ணீரில் கிருமி இல்லை என்று விற்பவர் சோதனைத் தாள் காட்டுகிறார். போதுமா? (பென்சில்வேனியா)

பதில்: போதாது. தளம் 2011-ல் மூடியது, தீயணைப்பு நுரையிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கிய பிஃபாஸ் (PFAS) என்ற, எளிதில் சிதையாத வேதிப்பொருட்கள் அப்படியே இருக்கின்றன. கிருமிச் சோதனையில் அது தெரியாது. 537.1 அல்லது 533 முறையில் சோதிக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். முடிவு வர வாரங்கள் ஆகலாம், ஒப்பந்தத்தில் அதற்கான அவகாசம் எழுதுங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ 2024-ல் குடிநீருக்கு வைத்த வரம்பு, அந்த வகையைச் சேர்ந்த பிஃபோவா (PFOA), பிஃபோஸ் (PFOS) என்ற இரண்டு வேதிப்பொருட்களுக்கும் தலா டிரில்லியனில் 4 பங்கு. அந்த விதி பொதுக் குடிநீருக்குத்தான், அதன்படி தனிக் கிணற்றை யாரும் உங்களுக்காகச் சோதிக்க வேண்டியதில்லை. கொதிக்க வைத்தால் போகாது, செறிவுதான் கூடும். பிஃபாஸ் குறைப்பு என்று சான்றில் குறிப்பிட்ட என்எஸ்எஃப் 58 ஆர்ஓ அல்லது என்எஸ்எஃப் 53 கார்பன் வடிகட்டி வேண்டும். கடற்படை முன்பு அந்தக் கிணற்றைச் சோதித்துக் கடிதம் அனுப்பியிருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். தெருவில் பொதுக் குடிநீர்க் குழாய் போகிறது என்றால், இணைப்புச் செலவை விற்பவர் ஏற்கும்படி பேசுங்கள்.