மூன்று வேலை மாறியவர் முதலாளி ஆகலாமா?

கேள்வி: பனியன் கம்பெனிகளில் கட்டிங், செக்கிங், மெர்ச்சண்டைசிங் என்று எட்டு வருடத்தில் மூன்று வேலை. "எதிலும் நிலைக்கவில்லை" என்கிறார்கள் வீட்டில். சொந்தமாகத் தையல் யூனிட் போடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தாராளமாக. ஸ்டான்ஃபோர்டு எம்.பி.ஏ. பட்டதாரிகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் எட்வர்ட் லேசியர் 2005-ல் சொன்னதும் இதுதான்: பல பொறுப்புகளைப் பார்த்தவர்களே அதிகம் தொழில் தொடங்கினார்கள். துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) கூடினால் கிலோவுக்கு பீஸ் குறையும் என்பது கட்டிங் டேபிளில் நின்ற உங்களுக்குத் தெரியும். வெறும் பணத்தோடு வருபவருக்குத் தெரியாது.

உங்களிடம் இல்லாதது கணக்கு. சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும், பில் பணமோ மாதக்கணக்கில் இழுக்கும். யூனிட்டுகள் படுப்பது பெரும்பாலும் அங்கேதான். ஆறு மாதம் அக்கவுண்ட்ஸில் உட்காருங்கள். பிறகு சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான 'உத்யம்' செய்யுங்கள், இலவசம்தான். சிறு நிறுவனங்களின் பில்லுக்கு 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம்.