ஜெபத்தை மறந்த அம்மாவுக்கு இரட்சிப்பு போய்விடுமா?

சகோதரி, மறதிநோய் முற்றிய உங்கள் அம்மா ஜெபிக்க மறுக்கிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார், "இயேசுவா, யார் அது?" என்று கேட்கிறார். இரட்சிப்பை இழந்துவிட்டாரோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். இழக்கவில்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் நாவை அடக்கும் கட்டுப்பாடே போய்விடும். ஒளிந்திருந்த பாவம் வெளியே வருகிறது என்று யாராவது சொன்னால் (சொல்வார்கள், சபையிலேயே சொல்வார்கள்) காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்த மாற்றம் ஓரிரு நாளில் திடீரென்று வந்ததென்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றுகூட இப்படிக் குழப்பத்தை உண்டாக்கும்.

ஏசாயா 49:15-இல், தாய் பிள்ளையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்கிறார் கர்த்தர். அம்மாவின் நினைவாற்றலை நம்பி அவர் உடன்படிக்கை செய்யவில்லையே.

"இயேசு யார், சொல்லுங்கள்" என்று பரீட்சை வைக்காதீர்கள். அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டைப் பாடுங்கள். பேச்சு குறைந்த பிறகும் பாட்டு பலரிடம் நெடுநாள் தங்கும். அப்புறம், 23-ஆம் சங்கீதத்தை "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று மெதுவாகத் தொடங்கிச் சற்று நிறுத்துங்கள். சில சமயம் உதடுகள் தாமாகவே அடுத்த வரிக்கு அசையும். அசையாவிட்டாலும் சரி, கையைப் பிடித்துக்கொண்டு நீங்களே முடியுங்கள்.

ஆண்டவர்மேல் கோபம் வருகிறது என்றீர்களே, 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். கடைசி வரிவரை இருட்டுதான். அதையே ஜெபமாகச் சொல்லலாம்.

சபையில் "ஜெபிக்கிறோம்" என்பவர்களிடம், வாரம் ஒரு மதியம் அம்மாவுடன் வந்து உட்காரக் கேளுங்கள். நீங்கள் தூங்க வேண்டும்.