செம்பருத்தி மொட்டு விரியாமலே உதிர்கிறது, என்ன உரம் போடலாம்?

செடி நிறைய மொட்டு வைக்கிறது, ஆனால் ஒன்றுகூட விரியாமல் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது என்கிறீர்கள். உரம் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் கீழே விழுந்த மொட்டுகளில் நாலைந்தைப் பொறுக்கி, நகத்தால் கீறிப் பிரித்து உள்ளே பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. என் தொட்டியில் இருக்கும் அடுக்குச் செம்பருத்திக்கும் இதே பிரச்சினை வந்தது. சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். இலை கரும்பச்சையாகத் தழைத்தது, பூ மட்டும் வரவில்லை. ஒருநாள் உதிர்ந்த மொட்டு ஒன்றைப் பிரித்தேன். உள்ளே வெளிர் மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாகப் புழுக்கள் நெளிந்தன.

அவை மொட்டு ஈயின் புழுக்கள். கொசுவைவிடச் சின்னதான அந்த ஈ, மொட்டில்தான் முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று வளரும். மொட்டு விழுந்ததும் வெளியே வந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். முட்டை ஈயாக மாற மூன்று, நான்கு வாரம் போதும். விழுந்த மொட்டைத் தொட்டியிலேயே விட்டு வைத்தால் அடுத்த தலைமுறை அதே மண்ணிலிருந்து கிளம்பி வரும். வெளியே மருந்து தெளித்தாலும் உள்ளிருக்கும் புழுவுக்கு எட்டாது.

அதனால் தினமும் காலையில் விழுந்த மொட்டு, செடியிலேயே மஞ்சளாகிவிட்ட மொட்டு எல்லாவற்றையும் எடுத்து, ஒரு பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்தினேன். கம்போஸ்ட்டில் போடவில்லை. மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டேன். ஒரு நாள்கூட விடாமல் ஒரு மாதத்துக்கு மேல் இதைச் செய்த பிறகுதான் மொட்டுகள் விரிய ஆரம்பித்தன.

உங்கள் மொட்டில் புழு இல்லாமல், இதழ் ஓரம் பழுப்பாகி, குட்டிக் கோடு போல ஏதாவது ஊர்ந்தால் அது இலைப்பேன். கொழுந்து சுருண்டு பஞ்சு ஒட்டியது போல் இருந்தால் மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்றும் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், அதன் எதிரிகளை விரட்டும். எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சியை ஒழிப்பது கஷ்டம். சுருண்ட நுனிகளை வெட்டி எறியுங்கள், மற்ற இடங்களில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனையும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள்.

உள்ளே எதுவுமே இல்லை, சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் தண்ணீர்தான் முதல் சந்தேகம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் செம்பருத்தி முதலில் மொட்டைத்தான் கைவிடும். மேல்மண் காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்து, அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். தொட்டியைச் சமீபத்தில் இடம் மாற்றியிருந்தாலும் உதிரும், பழகியதும் சரியாகிவிடும். நேரடி வெயில் 6 மணி நேரமாவது வேண்டும்.

உரம் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். பூப்பதற்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். செம்பருத்திக்கு அது பொருந்தாது. மணிச்சத்து மிகுந்தால் இந்தச் செடியால் இரும்பு போன்ற நுண்சத்துகளைச் சரியாக எடுக்க முடியாமல் போகும், இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்ற இடம் வெளிறும். சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதிகமாகவும் மணிச்சத்து குறைவாகவும் உள்ள உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், அதுவும் ஈர மண்ணில்.

கடைசியாகக் கவாத்து. செம்பருத்தி புதுக் கிளையில்தான் பூக்கும். அதனால் செடி நன்றாக வளரும் பருவத்தில், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, ஒவ்வொரு கிளையின் நீளத்திலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். மறுபடி பூக்க இரண்டு, மூன்று மாதம் ஆகும். பூ இல்லாத செடியைப் பார்க்க மனசு கேட்காதுதான். ஆனால் உங்களுக்கு வந்திருப்பது மொட்டு ஈ என்றால், அந்த மாதங்களில் பெரும்பாலான நாள் அது முட்டை வைக்க உங்கள் செடியில் மொட்டே இருக்காது.