த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தலும் புதுப்பித்தலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர்., ஆர்32 மாடல் கார் இருக்கிறது. சில மாதங்களாக ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிலையாக நிற்காமல் ஏறி இறங்குகிறது. கழற்றிப் பார்த்தால், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மூன்று த்ராட்டில் பாடிகளின் உட்புறமும் கருத்துப் போயிருக்கிறது. காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஓர் இரவு ஊறவைத்தால் புதிது போல ஆகிவிடும் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா? (வாசகர், கிள்ளான், மலேசியா)

பதில்: தயவுசெய்து அந்தத் தொட்டியில் போட விடாதீர்கள். வார்ப்பிரும்பு பிளாக்குகளைக் கழுவுவதற்குக் காஸ்டிக் தொட்டி பொருத்தமானது; த்ராட்டில் பாடியோ அலுமினிய வார்ப்பு. காஸ்டிக் சோடா எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதோடு நிற்காமல், ஹைட்ரஜன் குமிழிகளைக் கிளப்பியபடி அலுமினியத்தையே தின்னத் தொடங்கும். காலையில் எடுத்துப் பார்க்கும்போது மேற்பரப்பு கரும்பொடி படிந்து சொரசொரத்துப் போயிருக்கும். அப்படிக் கரைந்துபோன அளவை எந்தப் பட்டறையாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

உங்கள் காரில் இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1989இல் வெளிவந்த ஆர்32 ஜி.டி.ஆரில் உள்ள ஆர்.பி.26 இன்ஜின் 2,568 சி.சி. கொள்ளளவும் இரண்டு டர்போக்களும் கொண்ட ஆறு சிலிண்டர் இன்ஜின். பெரும்பாலான கார்களில் இன்ஜின் முழுவதற்கும் ஒரே ஒரு பட்டர்ஃப்ளை தகடு காற்றைக் கட்டுப்படுத்தும்; இதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தகடு, இரண்டிரண்டாக மூன்று வார்ப்புகளில், சிலிண்டர் தலைக்கு வெகு அருகில் அமைந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்தில் இன்ஜின் துள்ளி எழுவதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். ஆனால் ஆறு தகடுகளும் ஒரே அளவு மூடி, ஒரே அளவு திறந்தாக வேண்டும்.

இதை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். தகட்டின் விட்டம் சுமார் 45 மி.மீ., அதாவது சுற்றளவு ஏறத்தாழ 141 மி.மீ. விளிம்புக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே 0.05 மி.மீ. கூடுதல் இடைவெளி விழுந்தால், ஒரு தகட்டைச் சுற்றி 7 சதுர மி.மீ. திறப்பு உண்டாகிறது. ஆறு தகடுகளுக்கும் கூட்டினால் 42 சதுர மி.மீ.; சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டில் சுமார் 7.3 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை போட்டுவிட்டு ஐட்லிங் சரியாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு இது சமம். முழுவதும் திறந்த தகட்டில் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல; 950 ஆர்.பி.எம். ஐட்லிங்கில் இதுதான் எல்லாமே. அழுக்குக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒரு சிலிண்டரில் அழுக்கு தடித்தும் பக்கத்துச் சிலிண்டரில் மெலிந்தும் படிந்தால், ஒன்று மூச்சுத் திணறும், மற்றொன்று தாராளமாகக் காற்றை இழுக்கும்.

அழுக்கு இரண்டு வழிகளில் வருகிறது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கும் வாயு எண்ணெய் ஆவியைச் சுமந்துகொண்டு மீண்டும் காற்றுப் பாதைக்குள் திருப்பிவிடப்படுகிறது. இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நொடித்துளியில், எரிந்த வாயுவும் சிறிதளவு பின்னோக்கி வருகிறது. தகடு சிலிண்டருக்கு அருகிலேயே இருப்பதால் அந்தக் கரி அதன் இன்ஜின் பக்க முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். உங்கள் தகடுகளைத் திருப்பிப் பாருங்கள்: காற்று வரும் பக்கம் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாகவும், இன்ஜின் பக்கம் உலர்ந்த கருமையாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். பிசுபிசுப்பு அளவுக்கு மீறி இருந்தால், கிராங்க் கேஸ் ஆவியைத் திருப்பிவிடும் பி.சி.வி. வால்வையும் சேர்த்துச் சோதியுங்கள். இல்லாவிட்டால் சுத்தம் செய்த இடம் விரைவில் மீண்டும் கருக்கும்.

சுத்தம் செய்வதற்கு முன், தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சார் நிற்கும் இடத்தை ஒரு கோடு கீறிக் குறித்துக்கொண்டு கழற்றி வையுங்கள். அது எந்தத் திரவத்திலும் நனையக் கூடாது. கார்புரேட்டர் கிளீனரைத் தவிர்த்து, த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் கிளீனரை வாங்குங்கள். முன்னதில் உள்ள கடுமையான கரைப்பான்கள் ரப்பர் சீல்களையும் பூச்சுகளையும் கெடுக்கக்கூடும். கிளீனரை நேராகப் பீய்ச்சாமல், நூல் பிரியாத துணியில் நனைத்துத் துடையுங்கள். பீய்ச்சினால் கரியும் மணலும் தகட்டைத் தாங்கித் திருப்பும் தண்டின் பேரிங்குக்குள் புகுந்துகொள்ளும், அங்கிருக்கும் கிரீஸும் கழுவப்பட்டுவிடும். மூலைகளுக்கு மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கம்பிப் பிரஷ் வேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பல ஜப்பானிய த்ராட்டில் பாடிகளில் தகடு மூடி உட்காரும் இடத்தைச் சுற்றி, ஆலையிலேயே ஒரு கருஞ்சாம்பல் பூச்சு இடப்பட்டிருக்கும். மயிரிழை இடைவெளியை அடைப்பதே அதன் வேலை. அழுக்கு திட்டுத்திட்டாக இருக்கும், துணியில் பழுப்பாகக் கசியும். பூச்சோ சீரான வளையமாக, பளபளப்பின்றி இருக்கும், மெல்லத் துடைத்தால் வராது. வராததை வரவழைக்கப் பார்க்காதீர்கள். அதேபோல், தகட்டைத் தண்டோடு பிணைத்திருக்கும் சிறு ஸ்க்ரூக்களையும் தொட வேண்டாம். அவை தளர்ந்து இன்ஜினுக்குள் விழாதிருக்க அவற்றின் நுனி அடித்து மலர்த்தப்பட்டிருக்கும். கட்டாயப்படுத்தித் திருகினால் தண்டு முறுக்கிக்கொள்ளும் அல்லது ஸ்க்ரூவின் தலை ஒடியும்.

திரும்பப் பூட்டும்போது இணைப்புகளில் ஒழுக்கைத் தடுக்கும் எல்லா கேஸ்கெட்டுகளையும் புதிதாகப் போடுங்கள். உங்கள் இன்ஜின் உள்ளே போகும் காற்றை டர்போக்களுக்கு முன்னால் இருக்கும் இரண்டு மீட்டர்களால் அளக்கிறது. அதன் பிறகு எங்கு ஒழுக்கு இருந்தாலும் கம்ப்யூட்டரின் கணக்கு பிசகும். ஐட்லிங் காற்று வால்வையும் இதே வேலையில் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். ஏறி இறங்கும் ஐட்லிங்குக்குப் பல கார்களில் அதுவே பாதிக் காரணமாக இருக்கும். கடைசியாக, தகடுகள் மூடிய நிலையில் சென்சாரின் வோல்டேஜ் சுமார் 0.45 இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: த்ராட்டில் பாடியின் உட்சுவரை உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்தால் குதிரைத்திறன் கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: கூடாது, தம்பி. முழுத் திறப்பில் காற்றுக்குத் தடையாக நிற்பவை தகட்டின் தடிமனும் தண்டும்தான். சுவரின் பளபளப்பால் உணரத்தக்க வித்தியாசம் ஏதும் வராது. ஆனால் நீங்கள் தேய்த்தெடுக்கும் ஒவ்வொரு நுண்ணிய படலமும் மேலே சொன்ன இடைவெளியைப் பெரிதாக்கும். ஐட்லிங் உயர்ந்து போகும், அதை இறக்குவதற்கு தகடு எதுவரை மூடலாம் என்று நிறுத்தும், ஆலையில் சீல் வைத்த ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகத் தோன்றும், பிறகு தகடு சுவரில் சிக்கத் தொடங்கும். பாலிஷ் செய்யும் ஆசை இருந்தால் வால்வு கவரில் காட்டுங்கள்.

கேள்வி: 1990களின் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை முழுமையாகப் புதுப்பித்து வருகிறேன். த்ராட்டில் பாடிகளின் வெளிப்புறத்தில் வெள்ளை உப்புப் பூத்திருக்கிறது, த்ராட்டிலை இயக்கும் இணைப்புத் தண்டுகளும் ஸ்பிரிங்குகளும் துருப்பிடித்திருக்கின்றன. கிளாஸ் பீட் (கண்ணாடி மணிகள்) அடித்து, பவுடர் கோட்டிங் (சூட்டில் உருக்கிப் பதிக்கும் பொடிப் பூச்சு) கொடுத்து, இரும்புப் பாகங்களுக்கு மஞ்சள் ஸிங்க் முலாம் பூச எண்ணம். (வாசகர், லண்டன்)

பதில்: சாலையில் உப்புத் தூவும் ஊரில் ஓடிய கார் என்பதால் இந்த வெள்ளைப் பூப்பு வியப்பில்லை. அது அலுமினிய ஆக்ஸைடு. பள்ளம் விழும் அளவுக்கு ஆழமாக இல்லையென்றால் பயப்பட வேண்டாம்.

உலர்ந்த கண்ணாடி மணிகளைவிட, தண்ணீரோடு கலந்து அடிக்கும் வேப்பர் பிளாஸ்டிங் இந்த வேலைக்குச் சிறந்தது. வார்ப்பின் இயல்பான மென்மையான நிறம் திரும்பக் கிடைக்கும். ஆனால் எந்த முறையானாலும், தண்டும் பேரிங்கும் உள்ளே இருக்கும்போது அடிக்கவே கூடாது. துளைகளை மூடி டேப் ஒட்டினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை நம்புவதில்லை, ஏனெனில் ஒரே ஒரு கண்ணாடி மணி தண்டின் துளைக்குள் புகுந்தாலும் அது அங்கேயே அரைத்துக்கொண்டிருக்கும், வெளியே வந்தால் சிலிண்டருக்குள்தான் போகும். முழுவதும் பிரிக்க வேண்டிய நிலை வந்தால், ஒவ்வொரு தகட்டையும் எந்தத் துளையில், எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்று குறித்துவையுங்கள். தகட்டின் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டிருக்கும்; திருப்பிப் போட்டால் மூடாது. பூட்டும்போது புதிய ஸ்க்ரூக்களும் மரைப் பசையும் கட்டாயம்.

பவுடர் கோட்டிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் படலம் சாதாரணமாக 0.06 முதல் 0.1 மி.மீ. வரை தடிமனானது, பொருந்தும் முகங்களிலும் போல்ட் தலைகளின் கீழும் பட்டால் இறுக்கம் நிற்காது. 180 முதல் 200 டிகிரி செல்ஸியஸ் சூட்டில் அதைப் பதப்படுத்த வேண்டும் என்பதால் சீல்களும் போய்விடும். வேப்பர் பிளாஸ்ட் செய்த அலுமினியத்தை வெறுமனே விட்டு, மெல்லிய மெழுகுப் பாதுகாப்பு ஒன்றைத் தடவி வருவதே அழகும் நேர்மையும் ஆகும்.

இணைப்புத் தண்டுகளுக்கும் பிராக்கெட்டுகளுக்கும் ஸிங்க் முலாம் தாராளமாகப் பூசலாம். ஸ்பிரிங்குகளை மட்டும் அந்தக் கூடையில் போடாதீர்கள். முலாம் பூசுவதற்கு முன் அமிலத்தில் முக்கும்போதும், மின்சாரம் பாயும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவுகிறது. ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகை அது உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் தன்மைக்கு ஆளாக்கிவிடும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 190 டிகிரி அளவில் நீண்ட நேரம் சூடேற்றி அதை வெளியேற்றலாம். எல்லா முலாம் கடைகளும் அதைச் செய்வதில்லை. திரும்பும் ஸ்பிரிங் ஓடும்போது ஒடிந்தால், காலை எடுத்த பிறகும் த்ராட்டில் திறந்தபடியே நிற்கக்கூடும். நிறத்துக்காக அந்த அபாயத்தை ஏற்க வேண்டாம். புதிய ஸ்பிரிங் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால், பள்ளம் விழாத பழைய ஸ்பிரிங்கைத் துரு போகத் துடைத்து, எண்ணெய் தடவிப் போடுங்கள்.

கேள்வி: எலக்ட்ரானிக் த்ராட்டில் (தகட்டைக் கேபிளுக்குப் பதில் மோட்டார் இயக்குவது) உள்ள காரில் சுத்தம் செய்த பிறகு ஐட்லிங் முன்பைவிட உயர்ந்துவிட்டது. ஏதாவது கெட்டுப்போய்விட்டதா? (வாசகர், சென்னை)

பதில்: பெரும்பாலும் இல்லை. அழுக்கு படியப் படியக் கம்ப்யூட்டர் தகட்டைச் சிறிது சிறிதாகக் கூடுதலாகத் திறந்து ஈடுகட்டக் கற்றிருக்கும். அழுக்கு போன பின்னும் அந்தப் பழைய அளவிலேயே திறக்கிறது. உங்கள் கார் மாடலுக்குரிய முறையில், ஸ்கேனர் கொண்டோ சர்வீஸ் கையேட்டில் சொன்ன படிகளாலோ, த்ராட்டிலை மறுபடி கற்கவைத்தால் சரியாகிவிடும். அதன் பிறகும் இறங்கவில்லையென்றால், காற்று ஒழுக்கையும் விளிம்புப் பூச்சு போய்விட்டதா என்பதையும் பாருங்கள். அடுத்த முறை சுத்தம் செய்யும்போது சாவி போட்ட நிலையில் தகட்டை விரலால் தள்ளாதீர்கள். மோட்டார் திடீரென்று மூடினால் விரல் நசுங்கும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கியரின் பல்லும் உடையலாம்.