தொடை இடுக்கில் உரசுகிறதா?

கேள்வி: தினமும் போடும் ஜட்டி தொடை இடுக்கில் உரசிப் புண்ணாகிறது. இடுப்பிலும் எலாஸ்டிக் தடம். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பேன்ட் சைஸை நம்பாதீர்கள். ஜட்டி உட்காரும் இடத்தில் டேப் வைத்து அளந்து, பாக்கெட்டில் உள்ள சென்டிமீட்டர் அளவோடு ஒப்பிடுங்கள். எலாஸ்டிக்குக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

புண்ணுக்குக் காரணம், தொடை மடிப்பிலேயே ஓடும் கால் தையல். வியர்வையில் தோல் ஊறியிருக்கும்போது, நடக்க நடக்க அது அராவுகிறது. கால் வைத்த டிரங்க் வகையில் தையல் மடிப்பைவிட்டுக் கீழே இறங்கிவிடும். உள்பக்கம் திருப்பித் தடவிப் பாருங்கள். விரலுக்கு நெருடினால் வேண்டாம். துணியில் 95% பருத்தி, 5% எலாஸ்டேன் (இழுபடும் நூல்) போதும். டிரங்கின் கால் சுருண்டு மேலேறினால் தொடைச் சுற்று போதவில்லை என்று பொருள்.

வட்டமாகப் படர்ந்து அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். ஜட்டியை மாற்றிப் பயனில்லை, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.