வைர மோதிரம்: ஆன்லைனா, ஊர்க் கடையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

முகூர்த்த மாதங்கள் நெருங்கினால் நிச்சயதார்த்த மோதிரம் பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன். பில்லும் சர்டிபிகேட்டும் இல்லாமல் மோதிரத்தின் படத்தை மட்டும் அனுப்பி விலை கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். படத்தைப் பார்த்து வைரத்துக்கு விலை சொல்ல யாராலும் முடியாது.

50 சென்ட் (அரை காரட்) வைர மோதிரம் ஆன்லைனில் ஒன்றரை லட்சம், எங்கள் ஊர்க் கடையில் இரண்டு லட்சம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? (திருச்சி)

இரண்டும் ஒரே தரத்து வைரமா என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் எடையை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். கலர் (டியில் தொடங்கி, எழுத்து பின்னால் போகப்போக மஞ்சள் சாயல் கூடும்) என்ன, கிளாரிட்டி (கல்லின் தெளிவு; விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ என்று இறங்கும்) என்ன, கட் (பட்டை தீட்டிய நேர்த்தி) என்ன? ஜி கலர் விஎஸ்2 கல்லும் ஜே கலர் எஸ்ஐ2 கல்லும் ஒரே எடையில் இருந்தாலும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். நம் ஆட்கள் விவிஎஸ், விவிஎஸ் என்று கிளாரிட்டியைத்தான் துரத்துகிறார்கள். கல் மின்னுவது கட்டால்தான். விஎஸ் கிளாரிட்டியில் எக்ஸலன்ட் கட் வாங்குபவர், விவிஎஸ் கிளாரிட்டியில் சுமாரான கட் வாங்குபவரைவிட அழகான மோதிரம் போட்டுக்கொள்வார்.

தரமெல்லாம் ஒன்றாக இருந்தும் விலை வேறு என்றால், அந்த வித்தியாசம் உண்மையானது. உலகத்து வைரங்களில் பெரும்பகுதி சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகிறது. ஆன்லைனில் நீங்கள் பார்க்கும் தனிக்கல் பல நேரம் சூரத்திலோ மும்பையிலோ ஒரு வியாபாரியின் லாக்கரில் இருக்கும். நீங்கள் பணம் கட்டிய பிறகுதான் அது நகரும். ஊர்க் கடைக்காரர் கல்லை முன்பே காசு போட்டு வாங்கி வைத்திருக்கிறார். வாடகை, ஆள் சம்பளம், வட்டி எல்லாம் உங்கள் விலையில் ஏறுகிறது. அதற்குப் பதிலாகக் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கும் வசதி கிடைக்கிறது.

ஆன்லைனில் பார்த்த கல்லின் தர விவரத்தைக் குறித்துக்கொண்டு ஊர்க் கடைக்குப் போங்கள். இதே தரத்தில் வரவழைத்துத் தர முடியுமா, என்ன விலை என்று கேளுங்கள். பல கடைகள் இறங்கி வரும். ஆன்லைன், கடை என்ற கோடே இப்போது மங்கிவிட்டது. 2008இல் சென்னையில் ஆன்லைன் கடையாகத் தொடங்கிய கேரட்லேனுக்கு இன்று ஊர் ஊராகக் கடைகள் இருக்கின்றன.

ஹால்மார்க் இருந்தால் வைரமும் அசல் என்று அர்த்தமா? (கோவை)

இல்லை. ஹால்மார்க் உலோகத்தின் தூய்மைக்கு மட்டும், கல்லுக்கு இல்லை. மோதிரத்தில் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீட்டை (எச்யூஐடி) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள், தங்கத்தின் தரம் தெரியும். வைரத்துக்குத் தனி சர்டிபிகேட் வேண்டும்.

80 ஆயிரத்துக்கு 1 காரட் வைர மோதிரம் ஆன்லைனில் வாங்கிவிட்டேன். அசல்தானா? (திருநெல்வேலி)

வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 80 ஆயிரத்துக்கு ஒற்றைக் கல்லாக 1 காரட் இயற்கை வைரம், அதுவும் நல்ல தரத்தில், வராது. அப்படியானால் மூன்றில் ஒன்று. சின்னச் சின்னக் கற்கள் பல சேர்ந்து மொத்த எடை 1 காரட்டாக இருக்கலாம். ஆய்வகத்தில் வளர்த்த லேப் வைரமாக இருக்கலாம். அல்லது வைரம் போலத் தெரியும், ஆனால் வைரமே இல்லாத மாய்சனைட் என்ற கல்லாக இருக்கலாம். முதல் இரண்டும் ஏமாற்று ஆகாது, விற்றவர் அப்படியே எழுதியிருந்தால். நீங்கள் அந்தப் பக்கத்தை முழுதாகப் படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பக்கத்துக் கடையில் வைரமா என்று சோதிக்கும் டெஸ்டர் பேனாவை வைத்துப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். லேப் வைரமும் வைரம்தான் என்பதால் பேனா அதை ஏற்றுக்கொள்ளும். வெப்பத்தை மட்டும் பார்க்கும் பேனாவை மாய்சனைட்டும் ஏமாற்றிவிடும். பில்லையும் சர்டிபிகேட்டையும் எடுத்துப் படியுங்கள். சர்டிபிகேட் இல்லையென்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வைரத்தைச் சோதிக்கும் ஒரு லேபில் கொடுத்துப் பாருங்கள். வைரத்துக்குத் தரச் சான்று தரும் ஐஜிஐ நிறுவனத்துக்குச் சென்னையிலேயே லேப் உண்டு.

தாத்தா காலத்திலிருந்து வாங்கும் கடை. கடையின் பெயர் போட்ட சர்டிபிகேட் கார்டும் எஸ்டிமேட் சீட்டும் தந்தார்கள். பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி மிச்சம் என்கிறார்கள். அவர்களைச் சந்தேகப்படுவது சரியா? (தஞ்சாவூர்)

இதே கடிதம் ஊர் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஜிஎஸ்டி 3 சதவீதம். இரண்டு லட்ச ரூபாய் மோதிரத்துக்கு 6,000 ரூபாய். அந்த 6,000 ரூபாயை மிச்சப்படுத்தி நீங்கள் இழப்பதைப் பாருங்கள். நாளைக்குக் கல்லில் குறை தெரிந்தால் நுகர்வோர் ஆணையத்தில் காட்ட உங்களிடம் ஒன்றுமில்லை. திருட்டுப் போனால் போலீசிலும் இன்சூரன்ஸிலும் காட்ட ஒன்றுமில்லை. தாத்தாவுக்குத் தெரிந்த முதலாளி போய், அவர் மகனோ பேரனோ கல்லாவில் உட்காரும்போது, எஸ்டிமேட் சீட்டை அவர் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரொக்கமாகவே கொடுத்துவிடலாம் என்கிற பேச்சும் இதோடு சேர்ந்தே வரும். ஒரே வாங்கலுக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி தவறு.

அப்புறம் அந்தக் கார்டு. விற்கிறவரே தன் சரக்குக்குத் தரச் சான்று எழுதிக்கொடுத்தால் அது சான்று ஆகாது, விளம்பரம். ஜிஐஏ, ஐஜிஐ போன்ற வெளி லேபின் அறிக்கைதான் சர்டிபிகேட். கடைக் கார்டில் 'விவிஎஸ், ஈ-எஃப்' என்று அழகாக அச்சடித்திருப்பார்கள். அதே கல்லை வெளி லேபுக்கு அனுப்பினால் இரண்டு மூன்று படி இறங்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு படிக்கும் பணம் கொடுத்திருப்பது வாங்கியவர்.

பில்லில் தங்கத்தின் நிகர எடை தனியாக இருக்க வேண்டும். வைரத்தின் எண்ணிக்கை, காரட் எடை, தரம், காரட்டுக்கு என்ன விலை, செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் தனித்தனி வரியாக வேண்டும். 1 காரட் என்பது 0.2 கிராம். மொத்த எடைக்கும் தங்க விலை போட்டால் கல்லின் எடைக்கும் தங்கக் காசு கொடுக்கிறீர்கள். மோதிரத்தில் இது சின்னத் தொகை. கல் நிறைந்த ஆரத்தில் கணக்கு எங்கேயோ போகும்.

திரும்ப எடுத்துக்கொள்ளும் வாக்கும் எழுத்தில் வேண்டும். '100 சதவீதம் எடுத்துக்கொள்வோம்' என்றால் எதில் 100? வாங்கிய அன்றைய விலையிலா, எடுத்துக்கொள்ளும் நாளின் விலையிலா? மாற்றிக்கொள்ளவா, பணமாகவா? செய்கூலியும் வரியும் திரும்ப வராது என்பதைப் பலர் விற்கப் போகும் நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இதெல்லாம் சந்தேகப்படுவது ஆகாது. நல்ல கடைக்காரர் நீங்கள் கேட்காமலே பில் போடுவார். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட சின்னக் கடைகள் நிறைய இருக்கின்றன, அவர்களிடம் வாங்கச் சொல்லி நானே பலரை அனுப்புகிறேன். பில் கேட்டு முகம் சுளிக்கும் கடை எத்தனை தலைமுறைக் கடையாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

22 காரட் தங்கத்தில்தான் மோதிரம் வேண்டும் என்கிறார் அம்மா. (ஈரோடு)

தங்கத்தில் காரட் என்பது எடையல்ல, தூய்மை. தினமும் போடும் வைர மோதிரத்துக்கு 18 காரட் எடுங்கள், முத்திரை 750 (ஆயிரத்தில் 750 பங்கு தங்கம்). தங்கம் கெட்டியாக இருந்தால்தான் கொக்கிகள் கல்லை விடாமல் பிடிக்கும்.

லேப் வைரம் வாங்கலாமா? மாப்பிள்ளை வீட்டில் தவறாக நினைப்பார்களா? (மதுரை)

தாராளமாக வாங்கலாம். விலை இயற்கை வைரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு, சில கற்களில் அதற்கும் கீழே. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் விலை சில ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வருகிறது, திருப்பி விற்கக் கணக்குப் போடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால்தான் மனஸ்தாபம். பில்லிலும் லேப் வைரம் என்றே எழுதி வாங்குங்கள்.

கடைக்காரர் 'புளூ ஜாகர்' என்று சொல்லி அதிக விலை கேட்கிறார். (காரைக்குடி)

அந்தப் பெயர் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. நம் பக்கத்தில் இன்று நீலச் சாயல் தெரியும் கல்லுக்கெல்லாம் இந்தப் பெயரை வைக்கிறார்கள். அந்தச் சாயலுக்குப் பெரும்பாலும் ஃப்ளூரசன்ஸ்தான் (புற ஊதா ஒளியில் கல் ஒளிரும் தன்மை) காரணம், அது சர்டிபிகேட்டில் தனி வரியாக இருக்கும். ஃப்ளூரசன்ஸ் அதிகமுள்ள நல்ல கலர் கல்லுக்குச் சந்தையில் பொதுவாக விலை குறைவு. பெயருக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கல் ராசியா என்று மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். ஆன்லைனில் முடியுமா? (கும்பகோணம்)

முடியும், ஆன்லைனில்தான் சுலபம். பெரிய நிறுவனங்கள் பலவும் 15 நாள், 30 நாள் என்று திருப்பிக் கொடுக்க அவகாசம் தருகின்றன. பெரியவர்கள் மனதில் உறுத்தல் இருக்கும் மோதிரத்தைப் போட்டுக்கொள்வதைவிட மாற்றிவிடுவது நல்லது. பார்சலைப் பிரிக்கும்போது முழுதாக வீடியோ எடுங்கள். கெடு முடியும்வரை பெயர் பொறிக்கவோ அளவு மாற்றவோ கூடாது, செய்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். சர்டிபிகேட் எண் கல்லின் ஓரத்தில் லேசரில் பொறித்திருந்தால், லூப் (நகைக்காரரின் உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டி அந்த எண் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஊர்க் கடை என்றால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பெண்ணுக்குத் தெரியாமல் வாங்க வேண்டும், விரல் அளவு எப்படி எடுப்பது? நிச்சயம் இன்னும் பத்து நாளில். (வேலூர்)

அவர் அதே விரலில் போடும் பழைய மோதிரம் ஒன்றை அவர் தங்கையிடம் கேட்டு வாங்கி, கடையில் அளவு பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். சுற்றிலும் கல் பதித்த மோதிரம் வேண்டாம், அதில் அளவு மாற்றுவது கஷ்டம். பத்து நாளில் ஆன்லைன் ஆர்டரை நம்ப முடியாது, செய்து அனுப்பவே இரண்டு மூன்று வாரம் கேட்பார்கள். இந்த வாரமே கடைக்குப் போய்த் தயாராக இருப்பதை எடுங்கள். பில்லோடு.